இரண்டாம் நாள் நீலம்

சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டு பத்து. அது டோக்கியோ மணி. மலாயாவில், எங்கள் பாலோவின் வெயிலுக்கு அப்போது ஏழுகூட ஆகவில்லை. ரப்பர் தோட்டத்து ஆபீஸ் கதவைத் தள்ளியதும் நான் முதலில் பார்த்தது, ஜன்னல் கண்ணாடியில் மரவள்ளிப் பசையால் ஒட்டியிருந்த ஒன்பது காகிதத் துண்டுகளை. ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். ஒவ்வொன்றிலும் நீல மையில் ஒரே ஒரு கோடு, ஓரத்தில் பென்சிலால் சிறிய எண். பெரிய கிராணி, நான் உதவியாளாக இருந்த தலைமை எழுத்தர், ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றார். சட்டென்று திரும்பித் துண்டுகளைப் பார்த்தார். மறுபடி முதுகைக் காட்டினார். மறுபடி திரும்பினார். நான் சொன்ன வணக்கம் அவர் காதில் விழவில்லை.

"தம்பி, கண்ண மூடித் தொறங்க. யோசிக்காதீங்க. எது தனியா தெரியுது?"

நான்காவதைக் காட்டினேன். அதைப் பிய்த்து எறிந்தார். "எனக்கும் அதான்," என்றார். பிறகு ஏழாவதையும் பிய்த்தார். அதில் எனக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஒன்பது துண்டுகளும் என் அண்ணனுக்காக. ஜப்பானியர் ஆட்சி தொடங்கி இரண்டாவது வருடம். சயாமில் ரயில் பாதை போட எங்கள் தோட்டம் முப்பது ஆண்களை அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. முதல் நாள் பெரட்டில், அதாவது காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடத்தில், ஜப்பானிய மேற்பார்வையாளர் நடந்துகொண்டே பிரம்பால் முப்பது பேரின் தோளைத் தொட்டார். அதில் ஒன்று என் அண்ணனின் தோள். அண்ணனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். அண்ணி மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தார். புறப்பாடு சனிக்கிழமை. நான் சொல்லும் இந்தக் காலை செவ்வாய்க்கிழமை.

ஆனால் பெரிய கிராணி ஜன்னலில் நீலக் கோடுகளை ஒட்டியது அதுதான் முதல் முறை என்று யாரும் நினைக்க வேண்டாம். சண்டைக்கு முன்பும் அந்தக் கண்ணாடியில் எப்போதும் ஏதாவது ஒட்டியிருக்கும். சிங்கப்பூரிலிருந்து புதுப் புட்டி வந்தால் மூன்று நாள் அதற்குச் சோதனை. ஒரு துண்டு வெயிலில். ஒரு துண்டு தண்ணீர்ப் பாத்திரத்தில். ஒரு துண்டு அலமாரிக்குள், இருட்டில். எழுதிய கணத்திலிருந்து எண்ணி, இடது உள்ளங்கையால் தேய்த்துப் பார்ப்பார். மூன்று நாள் முடியும் வரை அந்த மையில் ஒரு எழுத்தும் எழுத மாட்டார். வெள்ளைக்காரத் துரை கையெழுத்துக்காகக் காத்திருந்தாலும் கதை அதேதான்.

"மொத நாளு எல்லா நீலமும் நல்ல நீலந்தான்," என்பார். "ரெண்டாம் நாளு என்னா நெறமோ, அதான் அதோட நெறம்."

நடு வயதைத் தாண்டியவர். ஒல்லி. வெள்ளைச் சட்டையில் ஒரு புள்ளி மை இருக்காது. பேனா முள்ளைத் துணியில் துடைக்க மாட்டார். நூல் சிக்கும் என்பார். காதுக்கு மேலே தலைமுடியில் இழுத்துத் துடைப்பார். நரைத்த பிறகு அந்த இடம் மட்டும் லேசான நீலமாக இருந்தது. நாற்காலியில் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு வரி எழுதுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து இன்னும் ஒரு வரி எழுதுவார். சாப்பாட்டில் எது வைத்தாலும் சாப்பிடுவார், எந்தச் சட்டையைக் கொடுத்தாலும் போடுவார் என்று அவர் மனைவி என் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். தேர்வெல்லாம் நீலத்தில்தான்.

நான்கு புட்டிகள் வைத்திருந்தார். பிறப்பு, இறப்பு, ஆள் கணக்கு எல்லாம் கருநீலம். அது எழுதும்போது வெளிர் நீலமாக விழுந்து, மறுநாள் கருத்து, பிறகு தண்ணீரில் ஊறினாலும் போகாது. துரையின் கடிதங்களுக்கு ஒரு நீலம். ஆட்கள் ஊருக்கு எழுதச் சொல்லும் கடிதங்களுக்கு இரண்டு: நல்ல செய்திக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று. பாதிரியார் வருடத்துக்கு இரண்டு முறை எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்துக்கு வருவார். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதுவது பெரிய கிராணிதான். பாதிரியாரின் சொந்தப் பேனாவை அந்தப் புத்தகத்தின் மேல் அவர் படவிட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கும் ஒரு பெண் தன் தாயாருக்குக் கடிதம் எழுதக் கேட்டு வந்து, ஒரு மணி நேரமாக வாசலில் நின்றாள். அவள் சொன்ன செய்தி பாதி நல்லது, பாதி கெட்டது. பிள்ளை பிறந்திருந்தது; புருஷனுக்குக் காய்ச்சல். எந்த நீலம் என்று இவரால் முடிவு செய்ய முடியவில்லை. புட்டிகளை மாற்றி மாற்றித் திறந்து மூடினார். கடைசியில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஐயா, எங்கம்மாவுக்குக் கண்ணே தெரியாதுங்க. ஏதாச்சும் ஒண்ணுல எழுதிடுங்க."

"படிச்சுச் சொல்றவங்களுக்குத் தெரியுமில்ல," என்றார். இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று. அந்த வாரத் தபால் போய்விட்டது.

இதைச் சொல்லி ஆட்கள் வரிசை வீடுகளில் சிரிப்பார்கள். சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. ஒரு தொழிலாளி, தோட்டத்து மருந்தகத்திலிருந்து இரண்டு நாள் ஓய்வு என்று சீட்டு வாங்கி வந்தவன், எண்ணைத் திருத்தி ஐந்து நாள் ஆக்கினான். நன்றாகவே திருத்தியிருந்தான். நான் அந்தச் சீட்டைக் கோப்பில் சேர்க்கப் போனபோது பெரிய கிராணி கையை நீட்டி வாங்கினார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வரவில்லை, நேராகத் துரையின் அறைக்குப் போனார். அந்த வாரக் கடைசியில் அந்தக் குடும்பம் பாத்திர பண்டங்களுடன் தோட்டத்தை விட்டு வெளியேறியது. அவன் மனைவி ஆபீஸ் வாசலில் நின்று அழுதாள். இவர் வெளியே வரவில்லை.

அவள் போன பிறகு நான் கேட்டேன், சொல்லாமல் விட்டிருக்கக் கூடாதா என்று.

"ஒரு தாள்ல ரெண்டு நீலம் இருந்துச்சி," என்றார். "நான் பாத்துட்டேன். பாக்காத மாதிரி எப்படி இருக்கறது?"

அவர் சொன்னது குரூரமாக எனக்குப் படவில்லை. காரமான குழம்பு கண்ணில் தெறித்தவர் ஏன் கண்ணைக் கசக்கினார் என்று கேட்டால் சொல்லும் பதில் போல இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது.

ஜப்பானியர் வந்தார்கள். துரை போனார். சிங்கப்பூரிலிருந்து எதுவும் வருவது நின்றது, மையும் நின்றது. நான்கு புட்டிகளில் மூன்று அடுத்தடுத்துக் காலியாயின. கருநீலம் மட்டும் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அதை அலமாரியில் பூட்டி வைத்து, பிறப்புக்கும் இறப்புக்கும் மட்டும் எடுத்தார். மற்றதற்கு அவரே மை செய்யப் பார்த்தார். பாலோ கடைத்தெருவில் நாகூர்க்காரர் ஒருவர் மளிகைக்கடை வைத்திருந்தார். நாங்கள் நானா என்போம். அவரிடம் வாரம் ஒரு முறை போய் எதையாவது கேட்டு நிற்பார். முதலில் சலவை நீலம். அது அடியில் மண்டி பேனாவை அடைத்தது. அப்புறம் கடுக்காயும் அன்னபேதியும். அதில் வந்தது கறுப்பு, நீலம் இல்லை.

"அலமாக், கிராணியாரே," என்று நானா தலையில் கை வைத்துக்கொண்டது நினைவிருக்கிறது. "ஊரு சனம் அரிசி இருக்கா, உப்பு இருக்கானு வருது. நீங்க ஒரு ஆளுதான் கலரு கேட்டு வர்றீங்க."

கடைசியில் நிலைத்தது சங்குப்பூ. பக்கத்துக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், மலாய்க்காரர்கள் பலகாரத்துக்கு நிறம் சேர்க்க வேலியில் படரவிட்டிருந்த பூ. அதைக் காய்ச்சி வடித்தால் கண்ணைப் பறிக்கும் நீலம் வரும். ஆனால் ஈரத்துணியால் ஒற்றினால் போய்விடும். வெயிலில் வைத்தால் வெளுத்துவிடும். புளிப்பு பட்டால் சிவந்துவிடும். "இது மையில்ல, சர்பத்து," என்பார். வேறு வழியில்லாமல் அதில்தான் தினசரி வேலைகளை எழுதினோம்.

அதனால்தான் நான் அவரிடம் போனேன்.

திங்கட்கிழமை மத்தியானம், அண்ணன் தோளில் பிரம்பு பட்ட அன்றே. அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். யோங் பெங் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அந்த வருடத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் சயாமுக்குப் போயிற்று. வழியில் ஒருவன் காட்டுக்குள் ஓடிவிட்டான். பட்டியலில் அவன் பெயர் இருந்ததால் சிப்பாய்கள் அந்தப் பெயரைக் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து அவன் தகப்பனை இழுத்துப் போனார்கள். குடும்பத்தின் அரிசிச் சீட்டையும் கிழித்தார்கள். ஆள் ஓடிவிடலாம், பெயர் ஓடாது என்று எங்களுக்குப் பட்டது. பெயர் தாளில் இல்லாவிட்டால் தேடிவர யாருக்கும் காரணமில்லை. நானும் பெரிய கிராணியும் நாள் முழுவதும் தாளைப் பார்த்தே வாழ்ந்தவர்கள். உலகமும் அப்படித்தான் நடக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

முப்பது பேரையும் அழியும் மையில் எழுதினால் மேற்பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். அவர் பட்டியலைக் கருநீலத்தில் கேட்டிருந்தார். ஒரு பெயரை மட்டும், கடைசி வரியில், பூ மையில் எழுதினால் போதும். போகிற வழியில் அண்ணன் ஒதுங்கிவிடுவார். தாளில் கடைசி வரியை ஒற்றி எடுத்துவிட்டால் இருபத்தொன்பது ஆள், இருபத்தொன்பது பெயர். ஸ்டேஷனில் இருப்பவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. நான் இதைத் தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தேன்.

அவர் பேரேட்டைத் திறந்தார். மூடினார். எழுந்து ஜன்னலுக்குப் போனார்.

"ஒரு தாள்ல ரெண்டு நீலமா?"

தெரியாதபடி செய்ய முடியுமே என்றேன்.

"யாருக்குத் தெரியாதபடி?"

"ஜப்பான் துரைக்கு, ஐயா."

"எனக்குத் தெரியுமே." பூ மைப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "எனக்கே தெரியாதபடி இருக்கணும்," என்றார்.

சம்மதித்துவிட்டார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் அவர் கேட்டார், மற்ற இருபத்தொன்பது பேர் என்ன செய்வார்கள் என்று. அவர்களில் யாருக்கும் ஆபீஸில் தம்பி இல்லை. அவரே பதிலும் சொன்னார்:

"அவங்க பேரு நல்ல மையில நிக்கட்டும். போறவன் பேரு எங்கயாச்சும் ஒரு எடத்துல நிக்கணும், தம்பி."

அந்த நான்கு நாளும் அவர் வேறு எதுவும் செய்யவில்லை. பிரச்சினை இதுதான்: கருநீலம் முதல் நாள் ஒரு நிறம், இரண்டாம் நாள் வேறு நிறம். பூ மை அதன் இரண்டாம் நாள் நிறத்துக்குப் பொருந்த வேண்டும். பூவை இன்னும் காய்ச்சிச் சுண்டவைத்தார். ஊதா அதிகமாயிற்று. அடுப்புச் சாம்பல் கரைத்த தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். நான்காவது சொட்டில் நீலம் நிமிர்ந்தது. ஐந்தாவது சொட்டில் பச்சை தட்டியது. கொட்டினார். மறுபடி கம்பத்துக்குப் போய்ப் பூ பறித்து வந்தார். வேலிக்காரக் கிழவி, கிராணிக்கு வீட்டில் கல்யாணமா, இவ்வளவு பலகாரமா என்று கேட்டாளாம். அதைச் சொல்லும்போதுகூட அவர் சிரிக்கவில்லை. புட்டியை வெளிச்சத்தில் ஆட்டிக்கொண்டிருந்தார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிறத்தைப் பற்றி அல்ல; சனிக்கிழமையைப் பற்றி. புதன்கிழமை மாலையும் ஜன்னலில் ஆறு துண்டுகள் இருந்தன. அவர் இன்னும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தபால் தவறிய அந்தப் பெண்ணின் முகம் எனக்கு நினைவுக்கு வந்தது. இவர் சனிக்கிழமை வரைக்கும் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்துவிடுவாரோ என்று பயந்தேன். "போதும் ஐயா, இதுவே போதும்," என்றேன். நான் அங்கே இல்லாதது போல அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அன்று அண்ணனும் வந்தார். ஸ்டோரில் ரப்பர் பாலை உறைய வைக்க ஆசிட் கலக்குவது அவர் வேலை. ஜன்னலுக்கு வெளியே நின்று, உள்ளே கையை விட்டு ஒரு துண்டை எடுத்துப் பார்த்தார். அவர் விரல் பட்ட இடத்தில் நீலம் மெல்லச் சிவந்தது. மூவரும் அதைப் பார்த்தபடி இருந்தோம்.

பெரிய கிராணி துண்டை அவரிடமிருந்து வாங்கி நான்காக மடித்தார். "உங்கண்ணன் இந்தத் தாளு பக்கமே வரக்கூடாது," என்று என்னிடம் சொன்னார். அண்ணனிடம் அவர் நேராகப் பேசவில்லை.

"என் பேர நானே தொடக்கூடாதாக்கும்," என்றார் அண்ணன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலை பெரிய கிராணி பட்டியலை எழுதினார். இருபத்தொன்பது பெயர்கள் கருநீலத்தில். முப்பதாவது வரியைக் காலியாக விட்டார். வெள்ளிக்கிழமை மத்தியானம், கருநீலம் கருத்து அடங்கிய பிறகு, வேறு பேனாவில் என் அண்ணன் பெயரை எழுதினார். ஒரே கை, ஒரே அழுத்தம். தாளைத் தூக்கிப் பிடித்தார், சாய்த்தார், வெயிலில் காட்டினார், நிழலில் காட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். வெகு நேரம் எழுந்திருக்கவில்லை.

"எனக்கு எது எதுன்னு தெரியல, தம்பி."

அதை அவர் மகிழ்ச்சியாகச் சொன்னாரா, பயந்து சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது.

மாலையில் மேற்பார்வையாளர் வந்தார். தாள் புரட்டும்போது கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொள்ளும் வழக்கம் அவருக்கு உண்டு. பெரிய கிராணி அதை யோசித்திருந்தார்: பட்டியலைப் பலகையில் நான்கு மூலையிலும் ஊசி குத்தி நீட்டினார். புரட்ட எதுவுமில்லை. ஜப்பானியர் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். கடைசி வரியில் விரல் நின்றது. பெரிய கிராணி மையொற்றுத் தாளை எடுத்து, வியர்த்த தன் கையைத் துடைத்துக்கொண்டார். விரல் நகர்ந்தது. தலைப்பில் சிவப்பு முத்திரை விழுந்தது.

பிறகு மேற்பார்வையாளர் ஒரு சிறு சீட்டை எடுத்து ஏதோ எழுதி, சைக்கிளில் பாலோ ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகச் சொல்லி ஓர் ஆளிடம் கொடுத்தார். அந்தச் சீட்டை நாங்கள் இருவரும் பக்கத்தில் நின்று பார்த்தோம். அவர் போன பிறகு பெரிய கிராணி அதைப் பற்றி ஒன்று சொன்னார்: "நகலெடுக்கற காப்பிப் பென்சிலு. ஊதா. தண்ணி பட்டா ஊறிப் பரவும்." அதில் என்ன எழுதியிருந்தது என்று அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை டோக்கியோ மணி ஒன்பதுக்குப் புறப்பட்டோம். ஸ்டேஷன் நான்கு மைல். முன்னால் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி, நடுவில் முப்பது பேர், பின்னால் நாங்கள் இருவர். துணைக்குச் சிப்பாய் யாரும் வரவில்லை. வீடுகளில் பெண்டு பிள்ளைகள் இருக்கும்போது யார் ஓடுவார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். இரண்டாவது மைலில், சீனர்களின் மரவள்ளித் தோட்டம் சாலையை ஒட்டி வளைகிற இடத்தில், அண்ணன் ஒன்றுக்குப் போகிறவர் போல இறங்கினார். செடிகள் அசைந்து நின்றன. முன்னால் போன இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு நடந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

ஸ்டேஷன் கூரை தெரிந்ததும் பெரிய கிராணி ஒரு மரத்தடியில் நின்றார். தகர டப்பாவிலிருந்து ஈரப் பஞ்சை எடுத்தார். தாளைப் பலகையில் வைத்து, கடைசி வரியை மூன்று முறை ஒற்றினார், தேய்க்கவில்லை. முதல் ஒற்றலில் பெயர் பரவியது. இரண்டாவதில் வெளிறியது. மூன்றாவதில் காகிதம் காகிதமாக இருந்தது. மேலே இருபத்தொன்பதாவது வரியில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை. அவர் அதை ஊதினார், சாய்த்துப் பார்த்தார், மறுபடி ஊதினார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தேர்ந்தெடுத்து முடித்த மனிதனின் முகம்.

பிறகு தாளை என்னிடம் நீட்டினார்.

"நீங்க பிடிங்க தம்பி. எனக்குக் கை வேர்க்குது. கறையாயிரும்."

பிளாட்பாரத்தில் வேறு தோட்டங்களின் ஆட்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஜப்பானியச் சிப்பாய் எங்கள் ஆட்களை வரிசையில் நிற்க வைத்தான். நான் தாளை நீட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை, முழங்கையால் ஒதுக்கினான். சட்டைப் பையிலிருந்து அந்தச் சிறு சீட்டை எடுத்தான். அதில் பெயர் எதுவும் இல்லை. ஊதாப் பென்சிலில் ஓர் எண் மட்டும்: 30. வரிசையின் ஒரு முனையிலிருந்து தோள்களைத் தட்டிக்கொண்டே எண்ணினான். இருபத்தொன்பதில் ஆள் முடிந்தது. மறுமுனையிலிருந்து மறுபடி எண்ணினான். பிறகு எங்கள் இருவரையும் பார்த்தான்.

பெரிய கிராணியின் கையில் எதுவும் இல்லை. பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நான்கு மைல் நடையில் வெள்ளைச் சட்டை செம்மண்ணாகியிருந்தது. சிப்பாய் அவர் கையைப் பிடித்தான்.

"கிராணி, துவான்," என்றார் அவர் மலாயில். நான் கிராணி, ஐயா.

சிப்பாய் என் கையிலிருந்த தாளைச் சுட்டினான். அவனுக்குக் கொஞ்சம் மலாய் தெரியும். "கிராணி சத்து. சுக்கோப்," என்றான். ஒரு கிராணி இருக்கிறான், போதும்.

நான் தாளை அவரிடம் திருப்பி நீட்டியிருக்கலாம். இவர்தான் பெரிய கிராணி, நான் உதவிக்கு வந்தவன் என்று சொல்லவும் எனக்கு மலாய் தெரியும். இரண்டையும் நான் செய்யவில்லை. கங்காணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சிப்பாய் அவர் பக்கம் திரும்பியதும் மூடிக்கொண்டார்.

வரிசையின் கடைசியில் அவரை நிறுத்தி, மறுபடி தோள்களைத் தட்டி எண்ணினார்கள். அவர் என் பக்கம் தலையைத் திருப்பினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மடிச்சிராதீங்க, தம்பி. இன்னும் காயல."

சரக்குப் பெட்டியின் கதவைச் சாத்தினார்கள். வண்டி வடக்கே, கெமாஸ் பக்கமாகப் போயிற்று.

அவர் மனைவியிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பட்டியலில் அவர் பெயர் இருந்ததா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். இல்லை என்றேன்.

"அப்ப வந்துருவாரு," என்றார். "பேரே இல்லாத ஆள எங்க கொண்டு போவாங்க?"

அண்ணன் ஆறு மாதம் சீனர்களின் தோட்டத்திலேயே மறைந்திருந்தார். யாரும் அவரைத் தேடி வரவில்லை. மூன்றாவதும் பெண். ஆபீஸில் நான் பெரிய கிராணியின் மேசையில் உட்கார்ந்தேன். அந்தக் குழந்தையின் பிறப்பைக் கருநீலத்தில் எழுதினேன். புட்டியில் அதற்குப் பிறகும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

ஜப்பானியர் போன மறு வருடம் போனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். சயாம் எல்லையைத் தாண்டியதும் ஆட்களைப் பிரித்துவிட்டார்கள் என்றும், பெரிய கிராணியை அதற்குப் பிறகு பார்க்கவில்லை என்றும் நான்கு பேரும் சொன்னார்கள்.

அதே வருடம், சயாமுக்குப் போனவர்களின் பெயர்களைச் சேகரிக்க ஓர் அதிகாரி தோட்டந்தோட்டமாக வந்தார். நான் அந்தத் தாளைக் கொடுத்தேன். தெளிவாக இருக்கிறது, இப்படி எந்தத் தோட்டத்திலும் கிடைக்கவில்லை என்று பாராட்டினார். இருபத்தொன்பது பெயர்களையும், தோட்டத்துத் தொழிலாளர் பதிவான செக்ரோலில் ஒவ்வொருவருக்கும் உள்ள நம்பரையும் எழுதிக்கொண்டார். இன்னொருவர் இருக்கிறார், தாளில் இல்லை என்று சொல்லி, பெரிய கிராணியின் பெயரைச் சொன்னேன். எழுதப் பேனாவைத் தாளில் வைத்துக்கொண்டு, அவருடைய செக்ரோல் நம்பர் என்ன என்று கேட்டார்.

கிராணிகளுக்குச் செக்ரோல் நம்பர் கிடையாது.